எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

வலது கை முடிந்து, இடது கையில் நான்கு விரல்களும் முடிந்து, கட்டைவிரலில் நகவெட்டியை வைத்தபோது அந்தக் கை நகர்ந்தது. மெர்வி சட்டென்று பின்வாங்கினாள். சதையில் பட்டுவிட்டதோ என்று குனிந்து பார்த்தாள். படவில்லை.

இரண்டு நாளாக அசையாத கை. அது போர்வைமேல் தானாக ஊர்ந்துபோய், மணிக்கட்டைச் சற்று உயர்த்தி நின்றது. வலது கையும் வந்து பக்கத்தில் நின்றது. அம்மா கண் திறக்கவில்லை. விரல்கள் வாசிக்கத் தொடங்கின.

"அம்மா, நகம் வெட்டிக்கிட்டிருக்கேன். கொஞ்சம் சும்மா இரு."

நகவெட்டியைத் தலையணை மேல் வைத்தாள்.

நகம் வெட்டச் சொன்னது அம்மாதான். ஞாயிற்றுக்கிழமை, பேச்சு இருந்த கடைசி நாள், கையைத் தூக்கிக் கண்ணெதிரே பிடித்து, "இது யார் கை?" என்று கேட்டாள். விரல்நுனியைத் தாண்டி நகம் வளர அவள் ஒருநாளும் விட்டதில்லை. பியானோக் கட்டையில் நகம் படும் சத்தம் கேட்டால் மாணவனை அந்த இடத்திலேயே எழுப்பிக் குளியலறைக்கு அனுப்பிவிடுவாள். மெர்வி ஞாயிறன்றே வெட்டியிருக்கலாம். அம்மாவின் கையைத் தொடப் பயந்து மூன்று நாள் கடத்தினாள்.

முதலில் வலிப்பு என்று நினைத்தாள். நர்ஸைக் கூப்பிடக் கைபேசியைத் தேடினாள். அப்போது இடது கை எழும்பி, வலது கையைத் தாண்டி, போர்வையின் மறு ஓரத்தில் ஒரே ஓர் இடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. மறுபடியும் தாண்டியது. மூன்றாம் முறையும்.

மெர்வி கைபேசியைத் தேடுவதை விட்டாள். வலிப்பு இல்லை. எந்த சொனாட்டா என்று தெரிந்துவிட்டது.

பியானோவுக்கென்று எழுதிய நீண்ட உருப்படி அந்த சொனாட்டா. அதில் ஒரே பகுதி இரண்டு முறை வரும். முதல் முறை, ஓரிடத்தில் இடது கட்டைவிரல் ஒரு கருப்புக் கட்டையில் விழும். அங்கிருந்து இசை வேறு சுருதிக்கு ஏறி, கைகள் தாண்டிக்கொள்ளும் நடுப்பகுதிக்குப் போய், சுற்றிக்கொண்டு மறுபடி அதே இடத்துக்கு வரும். இரண்டாம் முறை கட்டைவிரல் பக்கத்திலிருக்கும் வெள்ளைக் கட்டையில் விழவேண்டும். விழுந்தால் இரண்டே பக்கத்தில் முடிவு. மறந்துபோய் மறுபடியும் கருப்பில் விழுந்தால் இன்னொரு சுற்று. தாள் எதிரே இருந்தால் யாருக்கும் தவறாது. மேடையில் தாள் கிடையாது. மனப்பாடம்தான்.

அம்மா ரௌனி இருபத்துமூன்று வயதில் ஹெல்சிங்கியில் முதல் கச்சேரி செய்தாள். பிறகு ஸ்டாக்ஹோம், கோபன்ஹேகன், லெனின்கிராட் என்று பதினெட்டு வருடம். நாற்பத்தோராவது வயதில், சொந்த ஊரான துர்க்குவின் கச்சேரி மண்டபத்தில், அந்தக் கருப்புக் கட்டையில் விழுந்தாள்.

மெர்விக்கு அப்போது பதினொன்று. மூன்றாவது வரிசையில், மடியில் கோட்டோடு, தனியாக உட்கார்ந்திருந்தாள். அப்பா அதற்கு முன்பே வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். ஒரு வருடமாக வீட்டில் தினமும் கேட்ட சொனாட்டா. இடது கை இன்னொரு முறை தாண்டியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா மூன்று சுற்று சுற்றினாள். மூன்றாவது சுற்றில் முகத்தைச் சபைப் பக்கம் திருப்பினாள். கைகள் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கண்கள் வரிசை வரிசையாகத் தேடி மெர்விமேல் வந்து நின்றன. மெர்வி குனிந்து தன் காலணிகளைப் பார்த்தாள்.

நான்காவது முறை நடுப்பகுதி வந்தபோது அம்மா பாதியில் எழுந்து, வணங்கிவிட்டு, உள்ளே போனாள். சபை கைதட்டியது. சொனாட்டா நீளம் என்று பலரும் நினைத்திருக்க வேண்டும். பத்திரிகையில் "அஞ்சாத வாசிப்பு" என்று எழுதியிருந்தார்கள்.

அதற்கடுத்த பதினான்கு கச்சேரிகளையும் அம்மா ரத்து செய்தாள். மணிக்கட்டு நரம்பு என்று காரணம் சொன்னாள். இரண்டு மாதம் அந்த நல்ல கையில் கட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தாள். தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் அந்தக் கட்டைச் சுற்றிவிட்டது மெர்வி. "இறுக்கு," என்பாள் அம்மா. "இன்னும்." வேறெதுவும் அதைப் பற்றி அவர்கள் பேசியதில்லை. முப்பத்தைந்து வருடம் ஆகிறது.

போர்வைமேல் இடது கை மறுபடியும் எழும்பித் தாண்டியது.

அழைப்புமணி அடித்தது. மெர்வி ஓடிப்போய்த் திறந்தாள். யாராவது வந்தால் போதும் என்றிருந்தது.

கீழ்வீட்டு தௌனோ மூடி போட்ட பாத்திரத்தோடு நின்றார். கப்பலில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பத்திரண்டு வயது.

"மீன் சூப். உப்பு கம்மியா இருக்கும், போட்டுக்கோ."

"உள்ள வாங்க தௌனோ."

"வேணாம். சாகப்போறவங்களைப் பாத்தா எனக்கு ரெண்டு நாள் தூக்கம் போயிரும். அடுத்தது யாருன்னு கணக்குப் போட ஆரம்பிச்சிருவேன்." பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "என்ன கண்ணாடிக்காரி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

மெர்வி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். இருபது வருடமாக அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"அம்மா வாசிக்கிறா."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"போர்வை மேல."

தௌனோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கையைத் தாண்டித் தாண்டிப் போடுவாளே, அதுவா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா இருக்கே கதை. நான் கப்பலை விட்டு வந்த நாள்லேர்ந்து அவ என் தலை மேலதானே வாசிக்கிறா? மூணு மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பசங்க வர்றதுக்கு முன்னாடி, தனியா இருக்கறப்ப, அதைத்தான் எடுப்பா. நல்லாப் போயிட்டிருக்கும். ஒரு எடம் வரும், டக்குன்னு நின்னுரும். அவ்வளவுதான். அப்புறம் மூடி சாத்துற சத்தம். நான் காபியைக் கையில வெச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பேன், இன்னிக்காவது முடிப்பாளான்னு." அவர் தலையை ஆட்டினார். "அந்தப் பாட்டு எப்படி முடியும்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது."

மெர்வி பாத்திரத்தைக் கை மாற்றிப் பிடித்தாள். பாத்திரம் கையைச் சுட்டது.

"சூப்பைக் குடி," என்று சொல்லிவிட்டு அவர் படி இறங்கினார்.

அறைக்குத் திரும்பினாள். அம்மாவின் மூச்சு வேகமாகியிருந்தது. நெற்றியில் வியர்வை. கண்கள் மூடியபடியே, முகம் மட்டும் சுவர்ப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அந்த முகத்தை மெர்வி ஒரே ஒரு முறைதான் முன்பு பார்த்திருந்தாள்.

கட்டிலருகே உட்கார்ந்து எண்ணினாள். ஏறக்குறைய நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை கை தாண்டியது. முடிவுக்குப் போகும் வழியில் கை தாண்டும் இடமே கிடையாது. தாண்டினால், அம்மா இன்னும் உள்ளேதான் இருக்கிறாள் என்று அர்த்தம்.

பதினொரு மணிக்கு சல்லா வந்தாள். வீடுகளுக்கு வந்து போகும் நர்ஸ், முப்பது வயது இருக்கும். பூட்ஸை வாசலில் விட்டுவிட்டுக் கம்பளிக் காலுறையோடு உள்ளே வந்து, நாடி பார்த்தாள். தலையணை மேல் கிடந்த நகவெட்டியை எடுத்து, "இந்த ஒண்ணை மட்டும் விட்டுட்டீங்களே," என்று, ஓடிக்கொண்டிருந்த கட்டைவிரலைச் சாதாரணமாகப் பிடித்து ஒரே வெட்டில் வெட்டிவிட்டாள். விட்டதும் விரல் விட்ட இடத்திலிருந்து ஓடியது.

"எப்பலேர்ந்து இப்படி?"

"காலைலேர்ந்து."

"கடைசியில நிறைய பேருக்கு இந்தத் தவிப்பு வரும். போர்வையை இழுப்பாங்க, எதையோ பொறுக்குவாங்க. ஒரு தச்சர் இருந்தாரு, விடாம ஆணி அடிச்சிக்கிட்டே இருந்தாரு." சல்லா பையைத் திறந்தாள். "ஒரு ஊசி போட்டா பத்து நிமிஷத்துல அடங்கிடும்."

"போட்டா, அப்புறம் முழிப்பாளா?"

"அநேகமா மாட்டாங்க, மெர்வி. இன்னிக்கோ நாளைக்கோங்கற நிலைமைதான்."

"உள்ள அது நிக்குமா?"

"எது?"

"கை நின்னுரும். சரி. உள்ள ஓடறது நிக்குமா?"

சல்லா பையிலிருந்து கையை எடுத்தாள். "அது எனக்குத் தெரியாது," என்றாள். "பொய் சொல்ல விரும்பல."

"கொஞ்சம் பொறுங்க."

"எவ்வளவு நேரம்? பன்னெண்டரைக்கு அடுத்த வீடு எனக்கு."

"கொஞ்ச நேரம்."

மெர்வி அம்மாவின் காதருகே குனிந்தாள். அந்தக் கச்சேரி இரவுக்குப் பிறகு ரௌனி தன்னிடமிருந்த எல்லா இசைத்தாள்களிலும் சிவப்புப் பென்சிலால் எண்கள் போட்டாள். ஒரு சொனாட்டாவுக்குப் பத்துப் பன்னிரண்டு. முப்பத்தோரு வருடம் இசைப்பள்ளியில் கற்பித்தது முக்கியமாக அதைத்தான். மாணவன் வாசித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து திடீரென்று "ஏழு!" என்பாள். அவன் ஒரு நொடிகூட நிறுத்தாமல் ஏழாம் இடத்துக்குத் தாவவேண்டும். வழி தவறினால் தேடாதே, அடுத்த எண்ணுக்குப் போ, நிற்காதே. ரௌனி டீச்சரிடம் படித்தவன் வீடு தீப்பிடித்தாலும் வாசித்து முடித்துவிட்டுத்தான் வெளியே வருவான் என்று பள்ளியில் சொல்வார்கள். அவளிடம் படித்த இரண்டு பேர் இன்று பெரிய மேடைகளில் வாசிக்கிறார்கள். அவர்களுடைய கச்சேரிக்குப் போனால் அம்மா கதவோர நாற்காலியில் கோட்டைக் கழற்றாமல் உட்காருவாள்.

அந்த சொனாட்டாவில் வழி பிரியும் இடம் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே. மெர்விக்கு அது தெரியும். பதினாறு வயதில், அம்மா பள்ளிக்குப் போயிருந்த மதியங்களில், அந்தத் தாளை எடுத்து வைத்துத் திருட்டுத்தனமாகக் கற்றிருந்தாள். அடுத்த வருடம் ஒரு போட்டியில், பெயரைக் கூப்பிட்டபோது மேடைக்குப் பதில் தெருவுக்கு நடந்துபோய், பேருந்து ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன் பிறகு பியானோவைத் தொடவில்லை.

"ஒன்பது," என்றாள் காதில்.

விரல்கள் ஓடின.

"அம்மா, ஒன்பது!"

அறைக்குள் ஒலித்தது அம்மாவின் குரல்தான். அதே அதட்டல். மெர்வி பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். இடது கை எழும்பித் தாண்டியது.

அவள் எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். அலமாரியில் அகர வரிசைப்படி அடுக்கியிருந்த தாள்களில் விரலை ஓட்டினாள். இருக்க வேண்டிய இடத்தில் அந்த சொனாட்டாவின் தாள் இல்லை. மேலே, கீழே, பியானோ இருக்கையின் உள்ளே. இல்லை.

"மெர்வி?" என்று கூப்பிட்டாள் சல்லா. "மூச்சு மாறுது."

மெர்வி பியானோ முன் உட்கார்ந்தாள். இருக்கை அம்மாவின் உயரத்துக்கு இருந்தது. அதைத் திருகவில்லை. தாழ்த்தவும் வேண்டியதில்லை, உயர்த்தவும் வேண்டியதில்லை. அவர்கள் இருவரும் ஒரே உயரம். கைகளைக் கட்டைகள்மேல் வைத்தாள். பக்கத்து அறைக்கதவு அகலத் திறந்திருந்தது. கட்டிலின் கால்மாடு மட்டும் தெரிந்தது.

எட்டிலிருந்து தொடங்கினாள்.

முதல் நான்கு அடிகள் கேவலமாக இருந்தன. பிறகு விரல்கள் அவளைக் கேட்காமல் போயின. அதுதான் பயமாக இருந்தது. இருபத்தொன்பது வருடம் எங்கே கிடந்தது இது? இடது கை பரவிக்கொண்டே பிரியும் இடத்துக்கு வந்தது. வெள்ளை என்று மனதில் சொல்லிக்கொண்டாள். வெள்ளை, வெள்ளை. கட்டைவிரல் கருப்பில் விழுந்தது.

உடனே இசை மேலே ஏறியது. எவ்வளவு சரியாக ஒலித்தது அது! கதவு திறந்து, யாரோ கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவதுபோல. எதுவுமே தவறு என்று தோன்றவில்லை. மேடையில் அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று மெர்விக்குத் தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. நடுப்பகுதி வந்தது. இடது கை எழும்பி வலது கையைத் தாண்டியது. பக்கத்து அறையில் மூச்சு கரகரத்தது. இரண்டாம் முறை தாண்டியது. மூன்றாம் முறை.

நான் போய் அவளைக் கூட்டி வருவேன் என்று நினைத்தேனே. இப்போது இரண்டு பேரும் உள்ளே.

மறுபடி எட்டு. மறுபடி இடது கை பரவி வந்தது. இன்னும் இரண்டு அடி. ஓர் அடி.

மெர்வி நிறுத்தினாள்.

இந்த வீட்டில் அது ஒன்றுதான் குற்றம். கைகள் காற்றில் நின்றன. அவ்வளவு நேரம் நிரம்பியிருந்த அறை சட்டென்று காலியானது. பின்னாலிருந்து ஒரு குரல் வரும் என்று தோள்கள் தாமாக இறுகிக்கொண்டன. எந்தக் குரலும் வரவில்லை. அவள் குனிந்து கட்டைகளைப் பார்த்தாள், முதல் நாள் உட்கார்ந்த குழந்தை பார்ப்பதுபோல. கட்டைவிரலைக் கொண்டுபோய் வெள்ளையின் மேல் வைத்தாள். அழுத்தினாள்.

அதன் பிறகு இரண்டு பக்கம். தப்பும் தவறுமாக வாசித்தாள். வலது கையில் பாதிச் சுரங்கள் விழவில்லை. கை எங்கும் தாண்டவில்லை. கடைசியில் இரண்டு சின்ன அடிகள், மெதுவாக. முடிந்துவிட்டது.

பியானோவைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

சல்லா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் இடது கை போர்வைமேல் மல்லாந்து கிடந்தது. விரல்கள் பாதி திறந்திருந்தன. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே நீண்ட இடைவெளி. முகத்தில் எதுவுமில்லை. பயமும் இல்லை, நிம்மதி என்றும் சொல்ல முடியாது.

"நின்னுடுச்சு," என்றாள் சல்லா தாழ்ந்த குரலில். "ஊசியே வேணாம். நீங்க வாசிக்கறப்பவே நின்னுடுச்சு."

"எப்ப?"

"வாசிக்கறப்ப."

"இல்ல, எப்ப? நான் நடுவுல நிறுத்தினேனே, அதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

சல்லா யோசித்தாள். யோசிப்பது தெரிந்தது. மெர்வி அவள் உதட்டையே பார்த்தாள்.

"நான் மூச்சை எண்ணிக்கிட்டிருந்தேன்," என்றாள் சல்லா. "பாத்தா கை நின்னிருந்துச்சு. எப்பன்னு... எனக்கு எல்லாம் ஒண்ணு மாதிரிதான் கேட்டுச்சு, மெர்வி. மன்னிச்சுக்குங்க."

பன்னிரண்டேகாலுக்கு அவள் கிளம்பினாள். நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னாள். எது நடந்தாலும் கூப்பிடச் சொல்லி, வாசலில் பூட்ஸ் போடும்போது, "நீங்க நல்லா வாசிச்சீங்க," என்றாள்.

"இல்ல," என்றாள் மெர்வி.

அறைக்குத் திரும்பாமல் சமையலறையில் நின்றாள். தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கழுவினாள். துடைத்தாள். மறுபடி கழுவினாள். பிறகு போய்க் கட்டிலருகே உட்கார்ந்து அம்மாவின் இடது கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். கனமாக இருந்தது. அது அசைந்துவிடுமோ என்று ஒவ்வொரு மூச்சுக்கும் பயந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அசையாமல் போய்விடுமோ என்று பயந்தாள். ஒன்றே முக்காலுக்கு ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தாள். வெளியே ஆற்றுப் பக்கம் ஒரு பேருந்து நின்று கிளம்பியது. இன்னொன்றும் நின்று கிளம்பியது. அதற்குப் பிறகுதான் அடுத்தது இல்லை என்று புரிந்துகொண்டாள்.

சல்லாவைக் கூப்பிட்டாள். பிறகு கீழே போய்த் தௌனோவின் கதவைத் தட்டினாள்.

அவர் கையில் கரண்டியோடு திறந்தார். அவளைப் பார்த்துவிட்டுக் கரண்டியைச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஆச்சா."

"ஆச்சு. ஒண்ணே முக்காலுக்கு."

"ஒக்காரு."

அவள் வாசலிலேயே, செருப்பு வைக்கும் பலகைமேல் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் நின்றார்.

"நான் வாசிச்சது கேட்டுச்சா உங்களுக்கு?"

"சூப்பு பொங்கி வழிஞ்சதுகூடத் தெரியாம கேட்டேன். மொதல்ல நீயும் தப்பாத்தான் போனே."

"ஆமா."

"அப்புறம் நின்னே. சரி, இவளும் மூடியைச் சாத்தப்போறான்னு நெனச்சேன்." தௌனோ காதைச் சொறிந்தார். "முடிவு ரொம்பச் சின்னதா இருக்கே. நான் என்னவோன்னு நெனச்சிட்டேன்."

மெர்விக்குச் சிரிப்பு வந்தது.

"அம்மாவுக்குக் கேட்டுச்சான்னு தெரியல, தௌனோ. அந்த முடிவு. அதுக்கு முன்னாடியே போயிட்டாளோ என்னவோ."

"எனக்கு நடுவுல ஒரு கான்கிரீட்டு கூரை. எனக்கே கேட்டுச்சு. அவளுக்குக் கதவு தெறந்திருந்துச்சா?"

"தெறந்துதான் இருந்துச்சு."

"அப்புறம் என்ன," என்றார் தௌனோ. ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிரவு மெர்வி விளக்கை அணைக்காமல் சோபாவில் கிடந்தாள். அம்மாவைக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். தூங்கினால் விரல்கள் எதையாவது வாசிக்கத் தொடங்கிவிடும் என்று கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

காலை எட்டு மணிக்கு முற்றத்தில் சத்தம் கேட்டுச் சமையலறை ஜன்னலுக்குப் போனாள். பழைய பனி கறுத்துக் கிடந்தது. தௌனோ நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு, தொப்பியில்லாமல், கொடிக்கம்பத்தருகே நின்றார். மடித்த கொடியை அக்குளில் வைத்துக்கொண்டு கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். குளிரில் விரல் வராமல் இரண்டு முறை வாயால் ஊதினார். கட்டிடத்தில் யார் இறந்தாலும் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது இப்போது அவர்தான்.

கொடி விரிந்து மேலே போனது. கை மாற்றிக் கை மாற்றி இழுத்தார். உச்சிக்குப் போய், கப்பி கிறீச்சிட்டு, நின்றது. முதலில் உச்சிவரை ஏற்றித்தான் பிறகு இறக்கவேண்டும். மெர்விக்கு அது தெரியும். தெரிந்தும் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றாள். தௌனோ அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார். காற்று கொடியை ஒருமுறை கம்பத்தில் சுற்றி, பிரித்துவிட்டது.

பிறகு கயிறு அசைந்தது. கொடி இறங்கத் தொடங்கியது.